இராசோக்கி வீட்டுப் பலகை

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பின்புறத்தில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தபோது, என் தம்பி மகன் வில்மாரின் புது மருமகன் தன் கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினான். தலைநகர் மொந்தெவிதேயோவில் வளர்ந்த பையன், நல்ல மரியாதைக்காரன். பிரேசிலின் ரெயாலுக்கும் எங்கள் உருகுவே பெசோவுக்கும் இடையிலான பழைய மாற்று விலைகளெல்லாம் அதில் இருக்கிறதாம். ஒரு நாளுக்கு ஓர் எண். புள்ளிக்குப் பின்னால் நான்கு இலக்கம்.

எந்த நாள் வேண்டுமானாலும் கேளுங்கள் என்றான். நான் 1999 ஜனவரியில் ஒரு புதன்கிழமையைச் சொன்னேன். அவன் தேடி எடுத்து வாசித்தான். தப்பு என்றேன். இது மத்திய வங்கியின் கணக்கு, தப்பாக இருக்காது என்று சிரித்தான். வில்மார் நெருப்பைக் கிளறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். விருந்தாளியைச் சாப்பாட்டு மேசையில் திருத்துவது எங்கள் வழக்கம் இல்லை. அதனால் அன்று பேசாமல் இருந்துவிட்டேன். அந்த எண் சாவ் பாவ்லோவுக்குச் சரியாக இருக்கலாம். எங்கள் ஊர் ரிவேராவில், சரந்தி தெருவில், அன்று மதியம் வரை ஒரு ரெயால் எட்டு பெசோ எண்பத்தைந்து சதம். அதற்கு என் குடும்பத்தின் பெயர்தான் சாட்சி. வங்கிக்கு அது தெரியாமல் போனால் குறை வங்கியுடையது.

ரிவேராவும் பிரேசிலின் லிவ்ரமெந்தோவும் பெயரளவில்தான் இரண்டு ஊர். நடுவில் ஒரு தெரு, ஒரு பூங்கா, அவ்வளவுதான். அந்தப் பக்கம் ரொட்டி வாங்கி இந்தப் பக்கம் வந்து தின்பார்கள். ஆகையால் எங்கள் ஊரில் யாரும் மழை வருமா என்று கேட்பதற்கு முன், இன்றைக்கு ரெயால் என்ன விலை என்று கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது எங்கள் வீட்டுப் பலகை. என் அப்பா அநக்லேதோ இராசோக்கி ஆரம்பித்த பணமாற்றுக் கடையின் வாசலில் தொங்கும் கரும்பலகை அது. இரண்டு பத்தி. இடது பக்கம் நாங்கள் ரெயால் வாங்கும் விலை, வலது பக்கம் விற்கும் விலை. அப்பா வைத்த முறை இது: மாலையில் கடை மூடும்போது மறுநாளின் விலையை எழுதிவிட வேண்டும். வங்கி திறக்கும் முன்பே தெருவைக் கடந்து வரும் மாட்டு வியாபாரிக்கும் முட்டைக்காரிக்கும் விலை தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக. எழுதிய விலை மறுநாள் மதியம் வரை நிற்கும். பன்னிரண்டு மணிக்கு மாதா கோவில் மணி அடித்து, ஊர் மதியத் தூக்கத்துக்கு ஷட்டரை இறக்கும்போதுதான் ஈரத் துணி பலகையைத் தொடலாம். அதற்கு முன் தொடக்கூடாது. யார் வந்தாலும் அதே விலை. பலகை முகம் பார்க்காது என்பார் அப்பா.

காலை ஏழு மணிக்கு ஊர் ரேடியோவில் செய்தி முடிந்ததும் இராசோக்கி பலகை என்று சொல்லி விலையை வாசிப்பார்கள். ரொட்டிக்கடைக்காரன் அதைக் கேட்டுவிட்டுத்தான் இரண்டு காசிலும் விலை போடுவான். என் காலத்தில் பிரேசில் காசு ஏழு முறை பெயர் மாற்றிக்கொண்டது. எங்கள் பெசோவும் இரண்டு முறை மூன்று மூன்று பூஜ்யங்களை உதிர்த்தது. பலகை மட்டும் மாறவில்லை. அப்பா போன பிறகு அதில் எழுதியது நான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வேறு யாருக்கும் அந்த எழுத்து வராது.

எதிர்ச்சாரியில், பிரேசில் பக்கம், ப்ராகா வீட்டாரின் கடை. அமாதோர் ப்ராகா என் வயதுக்காரர். அவரும் ஒரு பலகை வைத்திருந்தார். ஒவ்வொரு மாலையும் நான் எழுதி முடிக்கும் வரை தெருவில் காத்திருந்து, உள்ளே போய், வாங்கும் விலையில் எங்களைவிட ஒரு சதம் கூட்டி எழுதுவார். வாழ்நாள் முழுக்க அவர் யோசித்தது அந்த ஒரு சதத்தைத்தான் என்று நாங்கள் கேலி செய்வோம்.

அது கேலிக்குரியது. கேலிக்கு அப்பாற்பட்டது ஒன்றும் உண்டு. எங்கள் தொழிலில் ஒருவர் இறந்தால், ஊர்வலம் கடக்கும் வரை இரண்டு பக்கத்துப் பணமாற்றுக் கடைகளும் ஷட்டரைப் பாதி இறக்கி வைக்கும். என் அப்பாவின் ஊர்வலம் போன அன்று ப்ராகா கடையின் ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தது. அதன் பிறகு அந்த வீட்டாருக்கு நாங்கள் வணக்கம் சொல்வதில்லை.

இனி அந்தப் புதன்கிழமை.

செவ்வாய் மாலை வழக்கம்போல எழுதினேன். வாங்க எட்டு எண்பத்தைந்து, விற்க ஒன்பது பெசோ ஐந்து சதம். காலையில் ரேடியோ அதை வாசித்தது. நான் கடைக்குள் உட்கார்ந்து மாத்தே இலைத் தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தபோது அதே ரேடியோ இன்னொன்றும் சொன்னது. பிரேசிலின் மத்திய வங்கித் தலைவர் பதவி விலகிவிட்டார். இத்தனை வருஷம் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த ரெயாலைக் கீழே இறங்க விட்டுவிட்டார்கள்.

எவ்வளவு இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. தெரியாதபோது எல்லோரும் ஓடுவார்கள். அரை மணியில் எங்கள் தெருவின் கடைகளெல்லாம் ஈரத் துணியைக் கையில் எடுத்தன. ப்ராகா தன் பலகையைத் தானே துடைத்தார். வாங்க எட்டு என்று எழுதினார். கொஞ்ச நேரத்தில் அதையும் துடைத்து ஏழு எண்பது என்றார்.

வில்மார் துணியை நனைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். அப்போது அவனுக்கு முப்பது வயது. கடையில் பாதிப் பங்கு அவன் அப்பா விட்டுப்போனது.

"அத்தை, நானே அழிச்சிடறேன். நீங்க பாக்க வேண்டாம்."

"கீழ வை."

"தெருவுல ஒருத்தர் விடாம அழிச்சாச்சு. நம்மள யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"காலைல ரேடியோவுல யார் பேர வாசிச்சான்?"

அவன் துணியை முறுக்கிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினான்.

"வாசிச்சவன் உன் பேர வாசிச்சான்டா. மத்தியானம் வரைக்கும் அது நிக்கும். துணியக் கொண்டுபோய் காயப்போடு."

காயப்போட்டான். நல்ல பையன்தான். ஆனால் அவன் பயந்தது வீண்பயம் இல்லை என்பதை நானும் அறிவேன். எங்கள் பெட்டியில் இருந்தது மற்ற நாட்களில் இரண்டு நாளுக்குப் போதுமான பெசோ. அது மதியத்துக்கு முன்னால் தீர்ந்துவிட்டால், பலகையில் எண் இருக்கும், உள்ளே பணம் இருக்காது. அழித்த பலகையைவிட அது கேவலம். அழித்தவன் பயந்தவன், அவ்வளவுதான். காசில்லாமல் விலை எழுதி வைத்திருப்பவன் பொய்யன். அந்தப் பொய் அப்பாவின் பெயரில் போய் உட்காரும்.

வரிசை பூங்கா வரைக்கும் போனது. முதலில் வந்தவர்கள் தெரிந்த முகங்கள். பண்ணையில் ரெயாலில் கூலி வாங்கும் குதிரைக்காரர்கள், அந்தப் பக்கம் குடியிருந்து இந்தப் பக்கம் பாடம் நடத்தும் ஆசிரியைகள், முட்டைக்காரி ஜுராசி. ஜுராசி கவுண்டரில் பணத்தை வைத்துவிட்டு, இதை வாங்குவது எனக்கே வெட்கமாக இருக்கிறது என்றாள். வெட்கப்படுவதற்கு நீ திருடவில்லை, எண்ணிக்கொள் என்றேன்.

பிறகு வந்தவர்கள் வேறு மாதிரி. தோளில் விளையாட்டுப் பையோடு, எங்கிருந்தோ காரில் வந்த ஆட்கள். அவர்களில் இருவரை நான் மறுபடி பார்த்தேன். பிறகு மூன்றாம் முறையும். அப்போதுதான் வாசற்காவல் செனோன் என் காதருகே வந்து சொன்னான். அவர்கள் எதிரே ப்ராகா கடையில் ஒரு ரெயாலை எட்டு பெசோவுக்கு வாங்குகிறார்கள். தெருவைக் கடக்கிறார்கள். நம்மிடம் எட்டு எண்பத்தைந்துக்கு விற்கிறார்கள். நாம் கொடுத்த பெசோவை எடுத்துக்கொண்டு மறுபடி அங்கே போகிறார்கள். தெருவைக் கடப்பதுதான் அவர்கள் செய்த வேலை.

வில்மார் வெளுத்துப்போனான். தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுப்போம், பைக்காரர்களைத் துரத்துவோம் என்று கெஞ்சினான். அது நியாயம்போலத்தான் கேட்டது. நான் கவுண்டருக்கு வெளியே வந்து அந்தப் பைக்காரர்களில் மூத்தவனை நன்றாகப் பார்த்தேன். அவன் சிரித்துக்கொண்டே தொப்பியைத் தூக்கினான்.

"ஏன் கிழவியம்மா, கசக்குதா?"

"பணம் எண்ணும்போது பேசாதீங்க. தப்பா எண்ணிட்டேன்னு அப்புறம் சொல்லக்கூடாது."

அவனுக்கும் எட்டு எண்பத்தைந்துதான். முகம் பார்த்து விலை சொல்வதென்றால் பலகை எதற்கு? வீட்டுக்கு வீடு போய்ச் சொல்லலாமே.

பத்தரை மணிக்குப் பெட்டியின் அடி தெரிந்தது. வில்மாரை வங்கிக்கு அனுப்பினேன். நிலைமை தெளியும் வரை பொறுக்கச் சொல்கிறார்கள் என்று வெறுங்கையோடு வந்தான். அப்போது மேல்மாடிக்குப் போய் என் அறையின் அலமாரியைத் திறந்தேன். எங்கள் குடும்பக் கல்லறைக்குச் சலவைக்கல் கூரை போடுவதற்காக நான் ஒன்பது வருஷம் சேர்த்த பணம் அதில் இருந்தது. கல் கூடப் பார்த்தாகிவிட்டது, சாம்பல் நரம்போடிய வெள்ளைக் கல். அந்தக் கட்டுகளைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தேன்.

வில்மார் அதை உடனே அடையாளம் கண்டுகொண்டான்.

"இது தாத்தாவோட கூரை, அத்தை."

"தாத்தாவுக்கு மழை ஒண்ணும் செய்யாது. பலகை பொய்யாச்சுன்னா படுத்திருக்க மாட்டார். பிரி."

கூரையும் அரை மணி நேரம்தான் தாங்கியது. பதினொன்றே காலுக்கு மேல் வில்மார் கட்டுகளை எண்ணுவதை நிறுத்திவிட்டுத் தாள்களை எண்ணத் தொடங்கினான். வாசலில் இன்னும் நாற்பது ஐம்பது பேர். தெருவில் மாத்தே பிளாஸ்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஆண்கள் கூட்டமாக நின்றார்கள். வாங்கவோ விற்கவோ வந்தவர்கள் இல்லை, இராசோக்கி வீடு விழுவதைப் பார்க்க வந்தவர்கள். சிலர் பந்தயம்கூடக் கட்டினார்களாம். நான் கழுத்துப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். விழுந்தால் நிமிர்ந்தே விழுவது என்று முடிவு.

எங்கள் கடையில் இரண்டு கவுண்டர். ரெயாலை வாங்கும் கவுண்டரில்தான் இந்த நெரிசலெல்லாம். ரெயாலை விற்கும் கவுண்டரில் காலையிலிருந்து ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. எதிரே எட்டுக்கு விற்கும் சரக்கை ஒன்பது ஐந்து கொடுத்து யார் வாங்குவார்கள்?

தெருவில் பேச்சு நின்றது. கூட்டம் விலகியது. அமாதோர் ப்ராகா தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார். அந்த வெயிலிலும் கோட்டு, கழுத்துப்பட்டை. பின்னால் அவருடைய ஆட்கள் இருவர் ஒரு மரப்பெட்டியைத் தூக்கி வந்தார்கள். அப்பா செத்த பிறகு அவர் எங்கள் வாசற்படியில் கால் வைத்தது அதுவே முதல் முறை. நெரிசல் பக்கம் அவர் திரும்பவே இல்லை. ஈ உட்கார்ந்திருந்த கவுண்டருக்கு வந்து, தொப்பியைக் கழற்றி, காத்து நின்றார்.

வில்மார் என்னைப் பார்த்தான். அந்தக் கவுண்டருக்கு நானே எழுந்து போனேன்.

"ரெயால் வேணும், அம்மணி," என்றார்.

"விலை பலகையில இருக்கு."

"பாத்தேன். ஒன்பது அஞ்சு. ஒரு சதம் குறைச்சுக்க முடியுமா?"

வாசலில் யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. குறைக்க முடியாது என்றேன். தெரியும், கேட்டு வைத்தேன் என்றார். பிறகு பெட்டியைத் திறக்கச் சொன்னார். பெட்டி நிறையப் பெசோக் கட்டுகள். பாதிக் கட்டுகளில் சுற்றியிருந்த காகிதப் பட்டையில் இராசோக்கி வீடு என்று அச்சடித்திருந்தது. காலையிலிருந்து என் கவுண்டரில் போன கட்டுகள். பிரித்துக்கூடப் பார்க்காமல் பைக்காரர்கள் அவரிடம் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார்கள்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. என் குடும்பம் இவரிடம் தயவு வாங்குவதா? ஷட்டரைப் பாதி இறக்கத் தெரியாத வீட்டிடமா? கவுண்டரை மூடிவிட்டேன், மன்னியுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது அவர் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"தயவுன்னு நினைச்சுக்காதீங்க. உங்க பலகை இன்னிக்கு மணியடிக்கறதுக்கு முன்னாடி பொய்யாப்போச்சுன்னா, நாளைக்கு ரேடியோவுல எவன் பலகைய வாசிப்பான்? என்னுதையா? நான் காலையிலயே பயந்து அழிச்சவன். அப்புறம் இந்த ரெண்டு ஊர்லயும் பலகைன்னா வெறும் சுண்ணாம்புதான்."

நிறுத்தி, தொப்பியைத் திருப்பிக்கொண்டார்.

"ஒரு சதம் கூட்டி எழுதறதுக்கு எனக்கு ஒரு விலை வேணும், அம்மணி. நாப்பது வருஷமா அத நீங்கதான் எழுதறீங்க."

நான் திரும்பிப் பலகையைப் பார்த்தேன். கண்ணாடிக் கதவு வழியாக அதன் முதுகுதான் தெரிந்தது. ஆனால் வலது பத்தியில் என்ன எழுதியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். என் கையெழுத்து அது. காலையில் பைக்காரனுக்கு முகம் பார்க்காத பலகை, இப்போது ப்ராகாவுக்கு மட்டும் முகம் பார்க்கலாமா? பார்த்தால் அவனுக்கு எட்டு எண்பத்தைந்து கொடுத்தது முட்டாள்தனம் என்று ஆகிவிடும். என் வைராக்கியம் என் வாயை அடைத்தது.

"எவ்வளவுக்கு வேணும்?" என்றேன்.

"பெட்டி தீர்ற வரைக்கும்."

மற்ற எல்லோருக்கும் போலவே அவருக்கும் எண்ணிக் கொடுத்தேன். எண்ண வேண்டுமா என்று கேட்டார். என் கடையில் எல்லோரும் எண்ணித்தான் வாங்க வேண்டும் என்றேன். அவரும் விடவில்லை. கட்டைவிரலை நனைத்து நனைத்து ஒவ்வொரு தாளாக எண்ணினார். அந்தப் பக்கம் வில்மார் பட்டைகளைக் கிழித்து வரிசைக்குப் பெசோ கொடுத்துக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அந்தத் தேதியில் இந்தக் கண்டத்திலேயே அதிக விலை கொடுத்து ரெயால் வாங்கிய மனிதர் நிதானமாக எண்ணிக்கொண்டிருந்தார். ரசீது கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நன்றி என்று நான் சொல்லவில்லை. அவரும் அதற்காக நிற்கவில்லை. காலையில் எங்களால் சம்பாதித்ததை அவர் எங்கள் கவுண்டரிலேயே வைத்துவிட்டுப் போனார் என்று வில்மார் பிறகு கணக்குப் போட்டுச் சொன்னான். அதற்கு மேலும் கொஞ்சம் போயிருக்கும்.

கோவில் மணி அடித்தபோது வாசலுக்குள் ஏழு பேர் இருந்தார்கள். செனோன் ஷட்டரை இறக்கினான். உள்ளே இருந்த ஏழு பேருக்கும் எட்டு எண்பத்தைந்து. கடைசி ஆளுக்குக் கொடுத்த பிறகும் பெட்டியில் பெசோ இருந்தது. எவ்வளவு என்பது ஊருக்கு வேண்டாதது. இருந்தது.

வில்மார் காயப்போட்ட துணியைத் தானே நனைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். சின்னக் கதவு வழியாக வெளியே போய்ப் பலகையைத் துடைத்தேன். மாத்தேக்காரர்கள் இன்னும் போகவில்லை. யாரும் கைதட்டவில்லை. எங்கள் ஊரில் அப்படிச் செய்ய மாட்டார்கள். ஆனால் நான் துணியைப் பிழியும் வரை ஒருவர் விடாமல் தொப்பியைக் கையில் வைத்திருந்தார்கள்.

மாலையில் புது விலை எழுதினேன். எதிரே ப்ராகா காத்திருந்து, பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு சதம் கூட்டி எழுதினார். மறுநாள் ஏழு மணிக்கு ரேடியோ இராசோக்கி பலகையை வாசித்தது.

அந்தக் காலையின் நஷ்டத்தை ஈடுகட்ட நாங்கள் ஐந்து வருஷம் எடுத்துக்கொண்டோம். கல்லறைக் கூரை இன்னும் செங்கல்தான், மேலே சுண்ணாம்பு அடித்திருக்கிறது. பக்கத்தில் மருந்துக்கடைக்காரர் குடும்பத்துக் கல்லறை சலவைக்கல்லில் பளபளக்கிறது. கல்லறைத் திருநாளன்று ஊரே பூவோடு அந்த வழியாகத்தான் போகிறது. எங்கள் கூரையைப் பார்த்து இதுவரை யாரும் சிரித்ததில்லை. சிலர் சுண்ணாம்பைத் தொட்டுவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

ப்ராகா போன குளிர்காலத்தில் இறந்தார். சம்பள வாரத்துச் சனிக்கிழமை, கடையில் நிற்க இடமில்லை. ஊர்வலம் பூங்காவைச் சுற்றி எங்கள் தெருவுக்குத் திரும்பியது. நான் கைத்தடியை ஊன்றி எழுந்து, ஷட்டரை இறக்கச் சொன்னேன். வில்மார் திகைத்துப் போனான்.

"ப்ராகாவுக்கா அத்தை? நம்ம தாத்தாவுக்கு அவங்க இறக்கலையே."

"அது அவங்க வீட்டுக் கணக்கு. நம்ம வீட்டுல வழக்கம்னா வழக்கம்."

"எவ்வளவு இறக்க?"

"பாதி. ஒரு விரற்கடை கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

அவன் இறக்கினான். நான் வெளியே வந்து அளவு சரியா என்று பார்த்தேன். சரியாக இருந்தது. ஊர்வலம் கடக்கும் வரை பலகையின் பக்கத்தில் நின்றேன்.